பாதி அடித்த ஆணி

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

போன் அடித்தது.

அடிக்கக் கூடாத இடத்தில்!

தரையிலிருந்து இருநூற்று நாற்பது அடி உயரம். ஒற்றைக் கோரைப்பல் போல வானத்தைப் பார்த்து நின்ற பாறை. அதன் முகத்தில் ஓர் ஆணி. ஆணியில் மாட்டிய கயிற்றேணி. அந்த ஏணியின் படிகளில் இரண்டு கால்களையும் திணித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார் பல் டாக்டர்.

கையில் சுத்தியல். தலைக்கு மேலே பாறை வெடிப்பில், பாதி நுழைந்திருந்த அடுத்த ஆணி.

நாலு அடி அடித்திருந்தார். இன்னும் நாலு பாக்கி.

வெறும் கையால் ஏற முடியாத பாறை அது. ஆணியை அடித்து, ஏணியை மாட்டி, அதில் ஏறி நின்று அடுத்த ஆணியை அடிக்க வேண்டும். முதலில் ஆணி 'டொக்... டொக்...' என்று மந்தமாகச் சத்தம் போடும். உள்ளே இறங்க இறங்கச் சத்தம் மாறி, கடைசியில் 'டிங்!' என்று மணியடிக்கும். அந்த மணியைக் கேட்காமல் டாக்டர் ஒரு ஆணியிலும் காலை வைத்ததில்லை. பல்லோ, பாறையோ... எடுத்த வேலையைப் பாதியில் விட்டதாகச் சரித்திரமே இல்லை!

இன்றைக்கு நாலாவது அடியில் போன் வந்துவிட்டது.

கீழே கார் நிறுத்திய இடத்தில் ஒரு கோடு கூடக் காட்டாத சிக்னல், இந்த உயரத்தில் முழுசாக நின்றது. போன் அவர் மார்பில் தொங்கிய உறைக்குள், தவறி விழாதபடி இடுப்பு பெல்ட்டோடு ஒரு சின்னக் கயிற்றால் கட்டப்பட்டு இருந்தது. காதில் வயர் இல்லாத சின்ன இயர்போன். சுத்தியலை இடுப்பில் செருகிவிட்டு, காதைத் தட்டினார்.

"ஹலோ..."

"டாக்டர்தானே? இன்ஸ்பெக்டர் பேசறேன்."

கணீரென்ற பெண் குரல்.

"சொல்லுங்க மேடம். கடைவாய்ப் பல் எப்படி இருக்கு? வலி போச்சா?"

"என் பல்லை விடுங்க. நல்லாத்தான் இருக்கு. மூணு வாரம் முன்னாடி உங்க சேர்ல ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துக்கிட்டு கிடந்தேன். 'கொஞ்சம் கூட வலிக்காது... வாயைத் திறந்தே வெச்சிருங்க...' இதையே எழுபது தடவை சொன்னீங்க. அது இப்போ முக்கியமில்லை, டாக்டர்... நீங்க மனசைத் திடப்படுத்திக்கணும்."

டாக்டரின் விரல்கள் ஏணியை இறுக்கின.

"ரிப்போர்ட்... வந்துடுச்சா மேடம்?"

"வந்துடுச்சு. குவாரித் தண்ணி வத்தினப்போ கோணிப்பையில கிடைச்ச எலும்புக்கூடு... நீங்க அனுப்பின கார்டும் எக்ஸ்ரேயும் அந்தத் தாடையோட அச்சு அசலா ஒத்துப்போகுது." இன்ஸ்பெக்டர் மூச்சு விட்டாள். "உங்க தங்கச்சிதான், டாக்டர். ஐ'ம் ஸாரி."

டாக்டர் பாறையில் நெற்றியைச் சாய்த்தார்.

காற்று மட்டும் 'உய்ய்ங்' என்று பேசியது.

இரண்டு வருடங்கள்! ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கைப்பையோடு வீட்டை விட்டுக் கிளம்பியவள். அண்ணனின் க்ளினிக்கில் அவள்தான் எல்லாம். நோயாளிகளின் கார்டுகளை எழுதுவது, அடுக்குவது, யார் எப்போது வர வேண்டும் என்று போன் செய்வது. அன்றைக்கு அவள் க்ளினிக்குக்கு வந்து சேரவில்லை என்று டாக்டர் போலீஸில் சொன்னார். கிளம்புவதற்கு முன்னால் அவளுக்கும் அவள் புருஷனுக்கும் பெரிய சண்டை நடந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

அவளைக் கடைசியாகப் பார்த்தவன் புருஷன். உடம்பு கிடைக்காததால் கைதாகாமல் வெளியே இருந்தான்.

"டாக்டர்... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"உங்க மாப்பிள்ளையைப் பிடிக்க அவன் ரூமுக்கு ஆள் அனுப்பினேன். பூட்டிக் கிடக்கு. லிப்ட் கம்பெனியில கேட்டா, ரெண்டு நாள் லீவுங்கறாங்க. ஆள் எங்கேன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

டாக்டர் மெதுவாகக் குனிந்து பார்த்தார்.

நாற்பது அடி கீழே, ஒரு கட்டில் அகலத்துக்குப் பாறைத் திட்டு. அதற்கும் கீழே இருநூறு அடிக்கு வெறும் காற்று. திட்டின் நடுவில் சம்மணம் போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் இடுப்பு பெல்ட்டில் ஒரு பிரேக். அந்த பிரேக் வழியாக மேலே ஏறி, ஆணி ஆணியாக நுழைந்து வந்த கயிறு, டாக்டரின் இடுப்பில் முடிந்தது.

அவன் அண்ணாந்து டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும் மேடம்..." டாக்டரின் குரல் கிசுகிசுப்பாகக் கீழிறங்கியது. "அவன் கையில இருக்கற கயித்துலதான் நான் தொங்கிட்டிருக்கேன்!"

"வாட்!"

"பாறை ஏற வந்திருக்கோம். நாங்க ரெண்டு பேரும் பன்னிரண்டு வருஷ ஜோடி. தங்கச்சி போனப்புறம் வர்றதை நிறுத்திட்டோம். வியாழக்கிழமை சாயங்காலம் திடீர்னு போன் பண்ணினான்... 'சனிக்கிழமை ஏறலாமா மச்சான்'னு."

"வியாழக்கிழமையா?" இன்ஸ்பெக்டர் கிட்டத்தட்ட அலறினாள். "அன்னிக்கு மத்தியானம்தான் அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு தாடை போட்டோவைக் காட்டினேன்! அரை மணி நேரம் உத்துப் பார்த்தான். 'அடையாளம் தெரியலை'ன்னு எழுந்து போயிட்டான். டாக்டர்... ஏதாவது சாக்குச் சொல்லி உடனே கீழே இறங்குங்க!"

"கீழே இறங்கணும்னா அவன்தான் இறக்கணும். மேலே போகணும்னாலும் அவன்தான் கயிறு விடணும்."

"கடவுளே... நீங்க எதுக்கு டாக்டர் அவனோட போனீங்க?"

"பாவமா இருந்தது மேடம்."

அப்போது கீழிருந்து குரல் வந்தது.

"யாரு மச்சான் போன்ல?"

டாக்டர் குனிந்து கத்தினார்.

"க்ளினிக்லேர்ந்து, மாப்ள!"

"இன்னிக்கு சனிக்கிழமை. க்ளினிக் லீவாச்சே?"

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அ... அவசர கேஸ். ஒரு பேஷண்டுக்கு வலி தாங்கலையாம்."

"வலின்னா கஷ்டம்தான்." லிப்ட் மெக்கானிக் தலையை ஆட்டினான். "சீக்கிரம் முடிச்சுட்டு மேலே போங்க. ரெண்டு வருஷமா இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன் மச்சான்... சாயங்காலம்னு தள்ளிப் போடறதா இல்லை!"

டாக்டர் சட்டைக் காலரில் வாயைப் புதைத்தார்.

"கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சு. நான் ஜீப்ல ஏறிட்டேன். இடம் சொல்லுங்க."

சொன்னார்.

"ஐயோ, சாலையிலயே அஞ்சு மணி நேரம் ஆகுமே..."

"பரவாயில்லை. ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. கட் பண்ணாதீங்க. லைன்லயே இருங்க. அவன் பேசறது ஒண்ணு விடாம ரெக்கார்ட் பண்ணுங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா... இல்லை, தற்காப்புக்காக நான் அவனை ஏதாவது பண்ண வேண்டி வந்தாலும்... நீங்கதான் சாட்சி."

"கண்டிப்பா டாக்டர்."

புத்திசாலி டாக்டர்தான்! உயிர் நூலில் ஆடும்போதும் எவ்வளவு யோசனை பாருங்கள்.

"மச்சான்! ஏறப் போறீங்களா, நான் ஒரு தூக்கம் போடட்டுமா?"

"ஏறறேன்... ஏறறேன்! கயிறு விடு!"

கயிறு இரண்டு முழம் தளர்ந்தது.

டாக்டர் இரண்டாவது ஏணியை எடுத்தார். தலைக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். அந்த ஆணியோடு கயிற்றையும் இணைத்தார். காலை எடுத்து வைத்தார். உடம்பின் பாரம் முழுவதையும் அதற்கு மாற்றினார்...

நாலு அடி மட்டுமே வாங்கியிருந்த ஆணி!

'டொக்' என்று ஒரு சத்தம்.

அது வெளியே வந்தது.

"ஆ...ஆ...ஆ...!"

வானம் கீழே போனது. பாறை மேலே பறந்தது. காதிலிருந்த இயர்போன் கழன்று, சுழன்று, எங்கோ மறைந்தது. மார்பு உறை பிய்ந்து போன் வெளியே எகிறி, பாறை மூக்கில் ஒரு மோது மோதி, தன் கயிற்றின் முனையில் துள்ளியது.

ஒன்று... இரண்டு...

'படார்!'

இடுப்பு பெல்ட் இடுப்பைப் பிளந்தது. டாக்டர் நின்றார். அந்தரத்தில்!

முந்தைய ஆணி தாங்கியிருந்தது. எட்டு அடி வாங்கி, மணியடித்த ஆணி. கயிறு தாங்கியிருந்தது. அந்தக் கயிற்றின் இன்னொரு முனையில்...

டாக்டர் நம்ப முடியாமல் குனிந்து பார்த்தார்.

லிப்ட் மெக்கானிக் இரண்டு கைகளாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தான்!

பிடுங்கிக்கொண்டு வந்த ஆணி, அதில் மாட்டிய ஏணியோடு கயிற்றிலேயே சறுக்கிக்கொண்டு வந்து டாக்டரின் தொப்புளுக்கு முன்னால் நின்றது. முனையில் பாறைப் பொடி. ஆயிரக்கணக்கில் பல் பிடுங்கியவர், பிடுங்கப்பட்ட ஆணியைப் பேயறைந்தது போலப் பார்த்தார்.

"அடிபட்டுச்சா மச்சான்?"

"இல்லை... இல்லை மாப்ள..." நாக்கு குழறியது. "பிடிச்சுட்டே... ரொம்ப தேங்க்ஸ்... விட்டுடுவியோன்னு..."

"விட்டுடுவேன்னு ஏன் தோணிச்சு?"

டாக்டர் கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"நான் லிப்ட் மெக்கானிக் மச்சான். ஆள் உள்ளே இருக்கறப்போ கயித்தை விட எனக்கு வராது." அவன் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தான். "பதினாறு வருஷ சர்வீஸ். இன்னிக்கு மனசு அவ்ளோ சொல்லியும் கை விடலை."

பிரேக்கை மெல்லத் தளர்த்தினான். டாக்டர் அங்குலம் அங்குலமாகக் கீழே வந்தார். அவனுடைய கண்மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினான்.

பாறையின் மேல் பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றதால், இருவருக்கும் நடுவே பத்தடி இடைவெளி. கையை நீட்டினாலும் எட்டாது. காலை நீட்டினாலும் எட்டாது. டாக்டருக்குக் கீழே இருநூறு அடி. அங்கே அவருடைய கார் ஒரு தீப்பெட்டியாகத் தெரிந்தது.

"எ... என்னை உள்ளே இழு மாப்ள."

"இழுக்கறேன். அதுக்கு முன்னாடி முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கணும்."

"என்ன?"

"கீழ்த்தாடை. இடது பக்கம். கடைசிக்கு முந்தின பல்லு." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அதை யாரு முடிச்சா?"

டாக்டர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"நீ... நீ என்ன கேட்கறேன்னே புரியலை."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளுக்கு வேர் சிகிச்சை பண்ணினீங்க. தற்காலிகமா சிமெண்ட் வெச்சு அனுப்பினீங்க. மீதியை அப்புறம் முடிக்கலாம்னு சொன்னீங்க. ராத்திரி சாப்பிடறப்போ அந்த சிமெண்ட் உதிர்ந்து வந்துடுச்சு. வாஷ் பேசின்ல துப்பிட்டு என்னைக் கூப்பிட்டா. 'டார்ச் அடிச்சுப் பாருங்களேன், உள்ளே ஒரு ஆளே குடியிருக்கலாம் போல'ன்னு சிரிச்சா. நான் பார்த்தேன் மச்சான். பெரிய ஓட்டை."

டாக்டர் காற்றில் மெதுவாகச் சுழன்றார். முகம் திரும்பியது. முதுகு திரும்பியது. மறுபடி முகம்.

"மறுநாள் சண்டை போட்டோமே... ஊரே கேட்டுச்சே... அது எதுக்குன்னு யாரும் கேட்கலை. வலியோட எதுக்குடி வேலைக்குப் போறே, லீவு போடுன்னு கத்தினேன். 'பல்லை முடிச்சுக்கணும். அண்ணன்கிட்ட ஒரு விஷயமும் பேசணும்'னு அவளும் கத்தினா. கதவை அறைஞ்சுட்டுப் போனா. அவ்ளோதான் மச்சான் எங்க சண்டை. போலீஸ்ல நூறு தடவை சொன்னேன். நான் அவளை அடிச்சேனான்னு மட்டும்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க."

"மாப்ள..."

"வியாழக்கிழமை போட்டோவைக் காட்டினாங்க. அந்தப் பல்லுல ஓட்டை இல்லை. முழுசா அடைச்சு, வெள்ளையா, பாலிஷ் போட்டு, பளபளன்னு இருக்கு!"

"வேற ஏதாவது டாக்டர்கிட்ட போயிருப்பா."

"நானும் அப்படித்தான் நினைச்சுப் பார்த்தேன். நினைச்சுப் பார்க்க ஆசைப்பட்டேன்." அவன் கண்கள் கலங்கின. "பல்லுக்கு நடுவுல ஒரு கோடு. சாப்பாடு தங்காம இருக்கறதுக்குன்னு நீங்க மட்டும் போடற வாய்க்கால். என் வாயிலயும் அதே கோடு இருக்கு. கண்ணாடியில பார்த்தேன். வேற டாக்டர் யாருக்கும் அதுக்குப் பொறுமை கிடையாதுன்னு நீங்களே பெருமையா சொல்லுவீங்களே. அது உங்க கையெழுத்து மச்சான்!"

காற்று ஒரு கணம் நின்றது.

"புதன்கிழமை அவ க்ளினிக்குக்கு வரவே இல்லைன்னு சொன்னீங்க. வராதவளுக்கு எப்படி பல்லை முடிச்சீங்க?"

டாக்டர் அவசரமாக போனைத் தேடினார். அது தன் கயிற்றில், முழங்காலுக்குப் பக்கத்தில் ஊசலாடிக்கொண்டிருந்தது. இழுத்தார். கண்ணாடி சுக்குநூறாக விரிந்து, திரை அட்டைக்கரியாக இருந்தது. பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். உயிர் வரவில்லை.

"ஹலோ... மேடம்? ஹலோ!"

சத்தம் இல்லை. சனியன், செத்துவிட்டது!

டாக்டர் போனைக் கைவிட்டார். அது மறுபடி முழங்காலுக்குப் போனது. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. பயம் வடிந்து, அந்த இடத்தில் ஒரு சலிப்பு வந்து உட்கார்ந்தது.

"சரி. உனக்குத் தெரிஞ்சு போச்சு. அதனால என்ன?"

லிப்ட் மெக்கானிக் அசையவில்லை.

"சிமெண்ட் உதிர்ந்ததை நீ மட்டும்தான் பார்த்தே. கார்டுல 'செவ்வாய், சிகிச்சை முடிந்தது'ன்னு நான் எழுதியிருக்கேன். பொண்டாட்டியைக் கொன்னவன் சொல்றதை நம்புவாங்களா, டாக்டர் எழுதின கார்டை நம்புவாங்களா? யோசிச்சுச் சொல்லு மாப்ள."

"யாரும் நம்ப வேண்டாம். எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும். ஏன்?"

"ஒரு கார்டை எடுத்து வெச்சுக்கிட்டா."

"என்ன கார்டு?"

"கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் இருந்த ஒரு பொண்ணு. பல்லு பிடுங்க வந்தா. ரொம்ப பயந்தா. மயக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துட்டேன். எழுந்திருக்கலை. இதயக் கோளாறுன்னு கார்டை மாத்தி எழுதினேன். பழைய கார்டைக் கிழிச்சுப் போடுன்னு உன் பொண்டாட்டிகிட்ட கொடுத்தேன். அவ கிழிக்கலை. புதன்கிழமை வந்து என் முன்னாடி நின்னா. 'சாயங்காலத்துக்குள்ள நீயே போய் ஒத்துக்கோ அண்ணா, இல்லேன்னா நான் போய்க் கொடுத்துடுவேன்'னா. கூடப் பிறந்தவ பேசற பேச்சா இது?"

"அப்புறம்?"

"சரிம்மா, நீ சொல்றதுதான் நியாயம்னேன். சேர்ல உட்காரு, முதல்ல உன் பல்லை முடிச்சுடலாம்னேன். உட்கார்ந்தா." டாக்டர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "கொல்லணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். ஆனா ஓட்டையோட விட மனசு வரலை மாப்ள. நாற்பது நிமிஷம் ஆச்சு. கடைசியில பேப்பர் வெச்சுக் கடிக்கச் சொன்னேன். உயரமா இருக்கான்னு கேட்டேன். 'கச்சிதமா இருக்குண்ணா'ன்னா. அதுக்கப்புறம்தான் முகத்துல மயக்க வாயு மாஸ்க்கை வெச்சேன்."

லிப்ட் மெக்கானிக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

"வலிச்சுதா அவளுக்கு?"

"கொஞ்சம் கூட வலிக்கலை."

அவன் கண்களை மூடிக்கொண்டான். மூடிய இமைகளுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க முடியவில்லை. இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன.

"நீ கூப்பிட்டதும் நான் ஏன் வந்தேன்னு நினைக்கறே?" டாக்டருக்குப் பேச்சு சுவாரசியமாகிவிட்டது. "மேலே போய் நான் கட்டற கயித்துலதானே நீ ஏறி வரணும்? உன்னை ஒரு மோசமான ஆணியில கட்டி விட்டு, நடுவழியில வர்றப்போ... பொண்டாட்டியைக் கொன்னவன் போலீஸுக்குப் பயந்து குதிச்சுட்டான். கேஸ் க்ளோஸ்! இன்ஸ்பெக்டரம்மா போன்லயே சாட்சி. நீ என்னடான்னா எனக்கு முன்னாடி ஆரம்பிச்சுட்டே. சரி, இழு. பேசித் தீர்த்துக்கலாம். உன் பொண்ணு என் வீட்டுலதான் வளர்றா, ஞாபகம் வெச்சுக்கோ."

"என் பொண்ணு..."

அவன் கண்களைத் திறந்தான்.

"மாசத்துல ஒரு மணி நேரம் என் பொண்ணைப் பார்க்க விடறாங்க. ஏழு வயசு. போன மாசம் என்ன கேட்டா தெரியுமா? 'அம்மாவை எங்கேப்பா ஒளிச்சு வெச்சிருக்கே? மாமாகிட்டயாவது சொல்லேன், பாவம் மாமா தேடறார்'னு கேட்டா!"

அவன் இடது கை கயிற்றிலிருந்து கழன்றது.

வலது கை மட்டும்.

"மாப்ள! வேண்டாம்... மாப்ள!"

"நாலு நாளா... இல்லை, ரெண்டு நாளாத்தான். ஆனா நாலு வருஷம் மாதிரி இருக்கு. ரெண்டு நாளா இதைத்தான் யோசிச்சேன். கேட்டுட்டு, கயித்தை விட்டுடணும். அப்புறம் நானும் இப்படியே ஒரு எட்டு வெச்சு வெளியே போயிடணும். அவ்ளோதான். எனக்கு வேற திட்டமே இல்லை டாக்டர்."

மச்சான் போய் டாக்டர் வந்துவிட்டது.

வலது கையின் ஒரு விரல் தளர்ந்தது.

டாக்டர் ஒரு அங்குலம் கீழே நழுவினார்.

"ஐயோ! நான் ஒத்துக்கறேன்! கோர்ட்டுல சொல்றேன்! கார்டு... அந்தப் பழைய கார்டு கூட என் லாக்கர்ல இருக்கு! அதை அவ கைப்பையிலேர்ந்து எடுத்தேன், கிழிக்கலை! சத்தியமா!"

"ஏன் கிழிக்கலை?"

"என்... என்கிட்ட வந்த எந்தக் கார்டையும் நான் கிழிச்சதில்லை..."

அடுத்த விரல் தளரப் போன அந்தக் கணத்தில்...

"விட்டுடாதீங்க!"

ஒரு குரல்.

பெண் குரல்!

சன்னமாக, கரகரப்பாக, டாக்டரின் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"மெக்கானிக் சார்... உங்களைத்தான்... கேட்குதா? கயித்தை விட்டுடாதீங்க!"

இருவரும் சிலையானார்கள்.

திரைதான் செத்திருந்தது. போன் சாகவில்லை! இயர்போன் கழன்றதும் பேச்சு அதன் ஸ்பீக்கருக்கு மாறியிருந்தது.

"நான் இன்ஸ்பெக்டர் பேசறேன். முதல்ல 'ஹலோ ஹலோ'ன்னு நானும் தொண்டை கிழியக் கத்தினேன். காத்துச் சத்தத்துல உங்களுக்குக் கேட்கலை போல. அப்புறம் டாக்டர் பேச ஆரம்பிச்சார். பேசறவரை ஏன் கெடுக்கணும்னு வாயை மூடிக்கிட்டேன். டாக்டர் ஸ்பெஷலா கேட்டுக்கிட்ட மாதிரி ஒண்ணு விடாம ரெக்கார்ட் ஆகியிருக்கு. லாக்கர் வரைக்கும்!"

டாக்டரின் வாய் திறந்தது.

"மெக்கானிக் சார். ரெண்டு வருஷமா உங்களை நான் படுத்தின பாடு எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டாலும் தீராது. ஆனா அந்தாளைச் சாகவிட்டா, நாளைக்கு நீங்க நிஜமாவே கொலைகாரனா என் முன்னாடி நிப்பீங்க. வேண்டாம் சார். கட்டிப் போட்டுட்டு உட்காருங்க. நான் வந்துட்டிருக்கேன்."



லிப்ட் மெக்கானிக் கயிற்றைப் பார்த்தான். அதன் முனையில் ஆடிய மனிதரைப் பார்த்தான். இரண்டடி தள்ளி முடிந்துபோன திட்டின் விளிம்பைப் பார்த்தான்.

பிறகு, பதினாறு வருடப் பழக்கம் தானாக வேலை செய்தது. கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, பாறை ஆணியில் போட்டு, முடிச்சிட்டான். இழுத்துப் பார்த்தான். இரண்டாவது முடிச்சும் போட்டான்.

அதன் பிறகு அவனுக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதான்.

"மேடம்..." வெகு நேரம் கழித்துக் கேட்டான். "என் பொண்ணுகிட்ட யாரு சொல்லுவா?"

முகத்தை உள்ளங்கையால் துடைத்தான்.

"அம்மா கிடைச்சுட்டான்னு சொல்றதா? மாமாதான்னு சொல்றதா? அவளுக்கு மிச்சம் இருந்தது மாமா ஒருத்தர்தான் மேடம். என்னைப் பார்த்தா அவளுக்கு பயம். நான் ஜெயிச்சுட்டேன்னு நீங்க நினைக்கறீங்க. ஜெயிச்சு யாரைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறது?"

போனில் ஜீப் கியர் மாறும் சத்தம் மட்டும் கேட்டது.

வெயில் ஏறியது. டாக்டர் சுழன்றுகொண்டிருந்தார். முகம். முதுகு. முகம். பெல்ட் தொடைகளை அறுத்தது. மேலே பார்த்தார். தான் ஒழுங்காக அடித்த ஆணி, தன்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன ஆணி!

"மேடம்..." கெஞ்சினார். "கால் மரத்துப் போகுது. பிடிச்சுக்க இந்த ஏணி ஒண்ணுதான் இருக்கு. உள்ளே இழுக்கச் சொல்லுங்க. இன்னும் எவ்ளோ நேரம் மேடம்?"

"ஏணிதான் கையில இருக்கே டாக்டர். கயித்துல மாட்டிக்கிட்டு அதுல ஏறி நில்லுங்க. இன்னும் நாலு மணி நேரம்தான்." இன்ஸ்பெக்டரின் குரல் கறாராக வந்தது. "அந்தக் கல்யாணப் பொண்ணு பேரு, தேதி, மருந்து அளவு எல்லாம் இன்னும் நீங்க சொல்லலை. கொஞ்சம் கூட வலிக்காது... வாயைத் திறந்தே வெச்சிருங்க, டாக்டர்!"